ஓ பாசிட்டிவ் நோயாளிக்கு எந்த ஓ ரத்தமும் சேரவில்லை: பம்பாய் குரூப் என்கிறார்கள், அடுத்து என்ன செய்யலாம்?

தாமிரபரணிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். எங்க சித்திக்கு 44 வயசு. கர்ப்பப்பையில் கட்டி, மாசாமாசம் போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 6.4தான் இருக்கு. கர்ப்பப்பையை எடுத்துடலாம், அதுக்கு முன்னாடி ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஃபைலில் ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. ஓ பாசிட்டிவ்தானே, ஊர்ல பாதிப் பேருக்கு அதுதானேன்னு தைரியமா இருந்தோம்.

பிளட் பேங்கில் இருந்த ஓ பை ஒண்ணுகூட கிராஸ்மேட்ச் (நோயாளி ரத்தத்தோடு சேருதான்னு பார்க்கிற டெஸ்ட்) ஆகலை. என் நண்பர்கள் நாலைஞ்சு பேர் ஓ பாசிட்டிவ், அவங்க சாம்பிளும் சேரலை. இப்ப "பம்பாய் குரூப்பா இருக்கலாம், மெடிக்கல் காலேஜுக்கு சாம்பிள் அனுப்புறோம்"னு சொல்றாங்க. எங்க குடும்பத்துல யாரும் பம்பாய் பக்கமே போனதில்லை. பிரசவத்தப்போ சித்திக்கு ரத்தம் ஏத்தினதும் இல்லை. இது நிஜமாவே இருக்கிற விஷயமா, இல்ல நம்மளை அலைக்கழிக்கிறாங்களா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கொங்குத்தமிழன்
முதல்ல பிளட் பேங்கை மாத்துங்க தம்பி. கெமிக்கல் காலாவதி ஆகியிருக்கும், இல்ல புதுசா வந்த பையன் டெஸ்ட் பண்ணியிருப்பான். எங்க பெரியப்பாவுக்கு ஏ-வை ஏபின்னு எழுதிக் கொடுத்த ஊர் இது. அப்படியும் சேரலைன்னா ஓ நெகட்டிவ் வாங்கிப் போடச் சொல்லுங்க. ஓ நெகட்டிவ் யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம், பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு.

மேகலா_லேப்
தயவுசெய்து ஓ நெகட்டிவ் யோசனையை யாரும் அந்த ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லாதீர்கள். சித்தி உண்மையிலேயே பம்பாய் குரூப் என்றால் ஓ நெகட்டிவ் பை அவரைக் கொன்றுவிடும். நான் மதுரைப் பக்கம் ஒரு பிளட் பேங்கில் டெக்னீஷியன். நிதானமாகச் சொல்கிறேன்.

ஓ குரூப் செல்லில் "ஒன்றும் இல்லை" என்று நாம் படித்திருக்கிறோம். அது சரியில்லை. ஏ இல்லை, பி இல்லை. ஆனால் ஹெச் என்ற ஆன்டிஜென் (செல்லின் மேலிருக்கும் அடையாளப் பொருள்) நிறைய இருக்கிறது. இந்த ஹெச் கோலத்துக்குப் புள்ளி மாதிரி. ஏ குரூப்காரரின் உடம்பு அந்தப் புள்ளியின் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சேர்த்து ஏ ஆக்குகிறது. பி குரூப்காரரின் உடம்பு வேறொரு சர்க்கரையைச் சேர்த்து பி ஆக்குகிறது. ஓ குரூப்காரர் எதையும் சேர்ப்பதில்லை, அதனால் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. பம்பாய் குரூப்காரருக்குப் புள்ளி வைக்கும் மரபணுவே வேலை செய்யாது. ஆகவே ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஹெச்-சும் இல்லை.

இந்த ஏ, பி, ஹெச் விஷயத்தில், தன்னிடம் இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வைத்திருக்கும். அவர்கள் சீரத்தில் (செல்களை நீக்கிய ரத்தத் திரவத்தில்) ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டோடு ஆன்டி-ஹெச்சும் இருக்கும். அது உடல் வெப்பத்திலேயே வேலை செய்யும் வகை. ஹெச் அதிகம் இருப்பது யாரிடம்? ஓ குரூப்பிடம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது ஆர்ஹெச் என்ற வேறொரு ஆன்டிஜெனின் சங்கதி, அதற்கும் ஹெச்சுக்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் நண்பர்களின் ரத்தம் ஏன் சேரவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்த பிளட் பேங்கைத் திட்டாதீர்கள். கிராஸ்மேட்ச் ஒழுங்காகச் செய்ததால்தான் சித்தி பிழைத்தார்.

கொங்குத்தமிழன்
சரிங்க மேடம். அப்படின்னா ஃபைலில் ஓ பாசிட்டிவ்னு எழுதினவன் யாரு? அது தப்புதானே?

மேகலா_லேப்
அதில்தான் எங்கள் தொழிலின் கோளாறே இருக்கிறது. குரூப் பார்ப்பதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஃபார்வர்டு என்பது நோயாளியின் சிவப்பணுவோடு ஆன்டி-ஏ, ஆன்டி-பி திரவங்களைச் சேர்த்துக் கட்டிப்போகிறதா என்று பார்ப்பது. ரிவர்ஸ் என்பது நோயாளியின் சீரத்தோடு நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றையே சொன்னால்தான் குரூப் எழுத வேண்டும்.

தெருமுனை லேப், பள்ளிக்கூட முகாம், லைசென்ஸ் எடுக்கப் போகும்போது விரலில் குத்திப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் சிலைடில் ஃபார்வர்டு மட்டும்தான். அதில் பம்பாய் குரூப் அச்சு அசலாக ஓ போலவே தெரியும். ரிவர்ஸில் ஓ செல் வைத்துப் பார்க்கும்போதுதான் அதுவும் கட்டிப்போகும். உண்மையான ஓ குரூப்பில் ஓ செல் கட்டிப்போகக் கூடாது. இன்னும் சில இடங்களில் ரிவர்ஸ் செய்கிறார்கள், ஆனால் ஏ செல், பி செல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓ செல் வைக்காத ரிவர்ஸில் பம்பாய் குரூப் தப்பித்துப் போய்விடும்.

ஓ செல் கட்டிப்போனதை மட்டும் வைத்து பம்பாய் என்று சொல்லிவிடவும் முடியாது. வேறு ஆன்டிபாடி இருந்தாலும் அப்படி ஆகும். நோயாளியின் சீரத்தை அவருடைய செல்லோடு சேர்த்து ஆட்டோ கன்ட்ரோல் பார்ப்போம். அதுவும் கட்டிப்போனால் கதை வேறு. கடைசியாக ஆன்டி-ஹெச் லெக்டின் என்று ஒன்று உண்டு, ஐரோப்பாவில் வளரும் ஒரு முட்செடியின் விதையிலிருந்து எடுப்பது. ஓ செல்லை அது பலமாகக் கட்டும், பம்பாய் செல்லைத் தொடவே தொடாது. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியது இதற்காகத்தான் இருக்கும்.

தாமிரபரணித் தம்பி, ஒரு கேள்வி. சித்தியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?

தாமிரபரணிக்காரன்
அம்மா, மாமா, சித்தின்னு மூணு பேர், அக்கா. அம்மா பி பாசிட்டிவ். மாமா ஓ பாசிட்டிவ்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கார். ஆனா மாமாவுக்கு சர்க்கரை இருக்கு, மாத்திரை சாப்பிடறார்.

மேகலா_லேப்
மாமாவை நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இது அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணுக்களும் சேர்ந்தால்தான் வரும். உங்கள் தாத்தா, பாட்டி இருவரிடமும் ஆளுக்கு ஒன்று மறைந்து இருந்திருக்கலாம். அப்படியென்றால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வெளியில் தேடினால் இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர். எங்கே முதலில் தேட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மாவை விட்டுவிடலாம். பி என்று தெளிவாக வந்தால் அவரிடம் புள்ளி இருக்கிறது.

சர்க்கரை ஒரு தடை இல்லை. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்து, கடைசி 4 வாரத்தில் அளவு மாற்றாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர் என்றால் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், வயது 65-ஐத் தாண்டக் கூடாது.

ஓசூர்_பைக்கர்
நான் அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்தன். ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை. காலேஜ் நாளில் இருந்து ஓ பாசிட்டிவ்னு நெனச்சு முகாமில் ரத்தம் கொடுத்துட்டு இருந்தேன். ஒரு தடவை கொடுத்துட்டு வந்த பிறகு பிளட் பேங்கில் இருந்து போன். "சார், மறுபடி ஒரு சாம்பிள் கொடுக்க வர முடியுமா?" எய்ட்ஸோ என்னவோன்னு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கலை. போனா டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே விஷயத்தைச் சொன்னாங்க.

அதுக்கப்புறம் அவங்க சொன்ன முதல் விஷயம்: இனிமே சும்மா முகாம்ல கொடுக்காதீங்க. காரணம் இருக்கு. பையில் பிடிச்ச சிவப்பணு, அதில் இருக்கிற திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோதான் தாங்கும். அதுக்குள்ள இன்னொரு பம்பாய் நோயாளி வரணும். வரலைன்னா வீண். நம்ம ரத்தத்தை மத்தவங்களுக்கு ஏத்த முடியும்தான், ஆனா அவங்களுக்கு ஆயிரம் பை இருக்கு. அதனால கூப்பிட்டா வர்ற ஆளா இருக்கணும். ஒரு தடவை கொடுத்தா ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி. தேவையில்லாம இன்னைக்கு கொடுத்துட்டு நாளைக்கு ஒரு பிரசவக் கேஸ் வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

கிளிசரால் கலந்து மைனஸ் 65 டிகிரிக்குக் கீழ வெச்சா பத்து வருஷம் வைக்கலாம்னு சொல்றாங்க. ஆனா உருக்கிக் கழுவினதும் ஒரு நாளுக்குள்ள ஏத்திடணும், அந்த வசதி இருக்கிற இடமும் ரொம்பக் கம்மி. அதனால நடமாடுற ஆளுங்கதான் இதுக்கு பேங்க்.

தாமிரபரணி, பெங்களூரில் சங்கல்ப் இந்தியா ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, பம்பாய் குரூப்புக்குன்னே தனியா வலைத்தளம் நடத்துறாங்க. மும்பையில் தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம் அரிய ரத்த வகைப் பதிவேடு வெச்சிருக்கு. ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல டாக்டர் கையெழுத்தோட தேவையை அனுப்பச் சொல்லுங்க. உறுதியான ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் தனிமடல் போடுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். வாட்ஸப்ல "அவசரம், பம்பாய் குரூப் தேவை"ன்னு நம்பரோட ஃபார்வர்டு போடாதீங்க. என் நம்பரோட யாரோ ஒரு தடவை போட்டாங்க. அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காச்சு, எனக்கு இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வருது. போடத்தான் வேணும்னா தேதி, ஆஸ்பத்திரி, எப்ப வரைக்கும் தேவைன்னு போடுங்க. கிடைச்சதும் கிடைச்சிடுச்சுன்னும் போடுங்க.

மயக்கமருந்துக்காரர்
நான் அனஸ்தீசியா மருத்துவர். ரத்தத்தைத் தேடும் அவசரத்தில் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த அம்மாவுக்கு இப்போது ரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமா?

விபத்தில் ஒரே நாளில் 6.4-க்கு இறங்குவது வேறு, மாதவிடாய்ப் போக்கால் வருடக்கணக்கில் மெதுவாக இறங்குவது வேறு. இரண்டாவது வகையில் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். நெஞ்சுவலி, படுத்தாலும் மூச்சுத்திணறல், மயக்கம் இல்லாவிட்டால் நமக்கு நேரம் இருக்கிறது. போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் மருந்துகள் உண்டு. இரும்புச்சத்தை நரம்பு வழியாகவே கொடுக்கலாம். போக்கு நின்று இரும்பும் போனால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் போல ஏறும். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் ஏறுவது சுமார் 1 கிராம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11-ஐத் தொட்டுவிட்டால் இன்னொரு வழியும் திறக்கும்: அறுவைக்கு முன்பே அவருடைய ரத்தத்தையே ஒரு பை எடுத்து வைத்து, தேவைப்பட்டால் அவருக்கே ஏற்றலாம். பெரிய மருத்துவமனைகளில் செல் சேவர் கருவி இருக்கிறது. அறுவையின்போது வடியும் ரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பி ஏற்றும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் இதை உட்கார்ந்து பேசுங்கள். தேதி குறித்துவிட்டோம் என்பதற்காக ஓடாதீர்கள்.

கொங்குத்தமிழன்
டாக்டர், ஒரு வேளை தப்பான ரத்தம் ஏறிடுச்சுன்னா எப்படித் தெரியும்? கூட இருக்கிறவங்க என்ன கவனிக்கணும்?

மயக்கமருந்துக்காரர்
விழித்திருக்கும் நோயாளி என்றால் அவரே சொல்லிவிடுவார். குளிர் நடுக்கம், காய்ச்சல், ஏறும் கை நரம்பில் எரிச்சல், இடுப்பிலும் முதுகிலும் வலி, "என்னமோ பண்ணுது" என்ற பயம். சிறுநீர் சிவப்பாகப் போகும். முதல் சில மில்லிலிட்டரிலேயே ஆரம்பிக்கலாம், அதனால்தான் முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி நர்ஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் வந்த உடனே ஏற்றுவதை நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல் சலைன் ஓடவிட்டு, பையையும் புது சாம்பிளையும் பிளட் பேங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மயக்கத்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். எங்களுக்குத் தெரிவதெல்லாம் காரணமில்லாமல் இறங்கும் பிரஷர், தைத்த இடத்திலிருந்தெல்லாம் கசியும் ரத்தம், சிறுநீர்ப் பையில் மாறும் நிறம். அதற்குள் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கும்.

பம்பாய் குரூப்பைக் கண்டு பயப்படுகிறோம், ஆனால் நடைமுறையில் தப்பான குரூப் ரத்தம் ஏறுவதற்கு முக்கியக் காரணம் அரிய குரூப் இல்லை, ஆள் மாறாட்டம். பக்கத்துப் படுக்கைக்காரரின் சாம்பிளில் இவர் பெயரை ஒட்டுவது, ஒரே பெயரில் வார்டில் இரண்டு பேர் இருப்பது. ரத்தம் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் பெயரையும் ஐபி (உள்நோயாளி) நம்பரையும் கேட்டால் "எத்தனை தடவைதான் கேப்பீங்க" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் சண்டை போட வேண்டும்.

சித்திரை_நிலவு
நான் ஓ குரூப். ஓ குரூப்காரங்க பால், கோதுமை சாப்பிடக் கூடாதுன்னு ஒரு டயட் இருக்கே, அது பம்பாய் குரூப்புக்கும் பொருந்துமா? கொசுவும் எங்களைத்தான் அதிகமா கடிக்குது.

நெறியாளர்
ரத்த வகைக்கு ஏற்ற டயட்டுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கொசு விவகாரத்துக்குத் தனி இழை ஏற்கெனவே நான்கு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போகலாம். இங்கே ஒரு நோயாளி காத்திருக்கிறார்.

பழைய_வாசகர்
பம்பாய் என்ற பெயர் எப்படி வந்தது என்பதைத் தாமிரபரணித் தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டுப் போகாத குடும்பத்தில் இது எப்படி என்று கேட்டிருந்தாரே.

வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் தன்னுடைய, தன் சக ஊழியர்களுடைய ரத்தத்தை எடுத்து ஒருவர் சீரத்தை இன்னொருவர் செல்லோடு கலந்து பார்த்து 1901இல் மூன்று வகை என்று எழுதினார். ஏபி வகையை டெகாஸ்டெல்லோவும் ஸ்டர்லியும் 1902இல் சேர்த்தார்கள். லேண்ட்ஸ்டைனருக்கு நோபல் கிடைத்தது 1930இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு நான்கு வகை என்ற கணக்கிலேயே உலகம் ஓடியது.

1952இல் பம்பாய் மருத்துவர்கள் ஒய். எம். பெண்டே, சி. கே. தேஷ்பாண்டே, எச். எம். பாட்டியா ஆகியோர் இந்த நான்கிலும் அடங்காத ரத்தத்தைக் கண்டார்கள். ரயில் விபத்தில் அடிபட்ட ஒருவர், கத்திக்குத்துப் பட்ட ஒருவர் என்று சொல்வார்கள். ஓ போலத் தெரிந்தது, ஆனால் எந்த ஓ-வும் சேரவில்லை. உங்கள் சித்திக்கு நடந்ததேதான். லண்டனில் ரேஸ், சேங்கர், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோரும் கூடச் சேர்ந்து ஆராய, லான்செட் இதழில் கட்டுரை வந்தது. கண்டுபிடித்த ஊரின் பெயர் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், நம் தமிழ்நாடு எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஐரோப்பியரிடையே பத்து லட்சத்தில் ஒருவர் என்பார்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவிலும் ஹெச் இல்லாத குடும்பங்கள் உண்டு.

2017இல் மியான்மரில் இதய அறுவைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்காகக் கர்நாடகத்தின் தாவணகெரேயிலிருந்து இரண்டு பை யாங்கோனுக்குப் போனது. நாடு தாண்டியே போகிறபோது திருநெல்வேலிக்கு வராதா என்ன.

தாமிரபரணிக்காரன்
எல்லாருக்கும் நன்றி. ரிப்போர்ட் வந்துடுச்சு. சித்தி பம்பாய் குரூப், ஆர்ஹெச் பாசிட்டிவ்தான். மாமாவும் அதேதான்! மனுஷனுக்கு 50 வயசு ஆகுது, இத்தனை நாளா ஓ பாசிட்டிவ்னு ஹெல்மெட்ல வேற எழுதி வெச்சிருந்தார்.

பாட்டிகிட்ட கேட்டா, தாத்தா அவங்களுக்கு சொந்தத் தாய்மாமன். அக்கா மகளைக் கட்டியிருக்கார்.

டாக்டர் இரும்பு ஊசி போட ஆரம்பிச்சுட்டார், ஆபரேஷனைத் தள்ளி வெச்சாச்சு. மாமாவும் ரெடின்னு நிக்கறார். இனி சிக்கல் இல்லைதானே?

கொங்குத்தமிழன்
பார்த்தீங்களா, சொந்தத்துல கட்டினதோட வினை. அடுத்த தலைமுறையாவது திருந்தணும்.

மேகலா_லேப்
கொங்கு அண்ணா, 70 வயசுப் பாட்டியை இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றி யாருக்கு லாபம்? சொந்தத்தில் கட்டுவதால் மரபணு பழுதாவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே மறைந்திருக்கும் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். முன்பின் தெரியாத இருவர் கட்டிக்கொண்டும் பம்பாய் குரூப் பிள்ளை பிறந்திருக்கிறது. இதுவும் நோயல்ல. ரத்தம் ஏற்ற வேண்டி வராதவரை மாமாவின் வாழ்க்கையில் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை, பார்த்தீர்கள்தானே.

தம்பி, ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அண்ணன் ரத்தத்தைத் தங்கைக்கு அப்படியே ஏற்றக் கூடாது. நெருங்கிய ரத்த உறவு என்றால் அந்தப் பையில் இருக்கும் வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். விட்டுவிட்டால் அவை உள்ளே பெருகி, நோயாளியின் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகக் குறைவு. அதனால் அந்தப் பையைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். அந்தக் கருவி எல்லா பிளட் பேங்கிலும் இருக்காது. பெரிய இடங்களில், குறிப்பாகப் புற்றுநோய் சிகிச்சை, மஜ்ஜை மாற்று நடக்கும் இடங்களில் இருக்கும். மாமா எங்கே கொடுக்கிறார் என்பதை முடிவு செய்வதற்கு முன்பே இதைக் கேளுங்கள். வெள்ளையணுவைப் பிரிக்கும் வடிகட்டி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கிராஸ்மேட்ச்சும் கட்டாயம். இருவரும் பம்பாய் என்பதற்காக அதைத் தாண்டிவிட முடியாது.

ஓசூர்_பைக்கர்
கதிர்வீச்சு வசதி கிடைக்கலைன்னா நான் சொந்தக்காரன் இல்ல, அந்தப் பிரச்சினை எனக்கு இல்ல. ஆபரேஷன் தேதி முடிவானதும் ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க. பெங்களூரில் கொடுத்துட்டு ஐஸ் பெட்டியில் ஒரு பிளட் பேங்க்ல இருந்து இன்னொரு பிளட் பேங்குக்கு அனுப்ப முறை இருக்கு. நீங்களா பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்துடாதீங்க. யாராவது இடையில வந்து "பம்பாய் குரூப் ஏற்பாடு பண்றேன், இத்தனை ஆயிரம்"னு கேட்டா ஒரு பைசா கொடுக்காதீங்க. ரத்தம் விக்கிறது சட்டப்படி குற்றம். பரிசோதனைக்கும் பதப்படுத்தவும் பிளட் பேங்க் ரசீதோட வாங்குற கட்டணம் மட்டும்தான்.

மாமாகிட்ட சொல்லுங்க, ஹெல்மெட்ல எழுதினதை அழிச்சுட்டு பர்ஸ்ல பிளட் பேங்க் கொடுத்த அட்டையை வைக்கச் சொல்லுங்க. அவசரத்துல ஹெல்மெட்டைப் பார்த்து யாரும் ரத்தம் ஏத்தப் போறதில்லை, ஆனா அட்டையைப் பார்த்தா நேரம் மிச்சம்.

வண்டலூர்வாசி
இதுநாள்வரை இந்த மன்றத்தில் படிக்க மட்டுமே செய்திருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் ஏபி பாசிட்டிவ். மனைவி ஓ பாசிட்டிவ். பையனுக்கு ஓ பாசிட்டிவ் என்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கிறது. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று என் தங்கை கணவர் ஒரு விசேஷ வீட்டில் எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். அவர் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் வாத்தியார். அன்றிலிருந்து என் அம்மா மருமகளோடு பேசுவதில்லை. எனக்கு மனைவி மீது துளி சந்தேகம் கிடையாது. ஆனால் வீட்டில் என்ன சொல்லி வாயை அடைப்பது?

மேகலா_லேப்
வாத்தியார் சொன்னது பாடப்புத்தகத்துக்குச் சரி. ஏபி அப்பா ஏ-யையோ பி-யையோதான் கொடுப்பார், ஓ கொடுக்க முடியாது. ஆனால் அது குரூப்பைச் சரியாகப் பார்த்திருந்தால் மட்டும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிப்போர்ட்டை. பையனின் குரூப் எப்போது பார்த்தது? பிறந்தவுடன் என்றால் அதை நம்பி ஒரு குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. பச்சைக் குழந்தையின் செல்லில் ஏ, பி ஆன்டிஜென்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அதனால் பலவீனமாகக் கட்டும். அவசரத்தில் பார்ப்பவர் கவனிக்காமல் ஓ என்று எழுதிவிடலாம். ரிவர்ஸ் செய்து சரிபார்க்கவும் வழியில்லை. குழந்தைக்குச் சொந்த ஆன்டிபாடி உருவாகவே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை சீரத்தில் இருப்பது பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்தது.

அடுத்து உங்கள் ரிப்போர்ட். ஏ என்பதிலேயே பலவீனமான உள்வகைகள் உண்டு. உங்கள் ஏ அப்படிப்பட்டதாக இருந்து பையனுக்கு அது வந்திருந்தால் சிலைடில் ஓ போலவே தெரியும். மூன்றாவதாகத்தான் இந்த இழையின் பம்பாய் விவகாரம். பையனுக்கு அது இருந்தால் நீங்கள் கொடுத்த ஏ-யோ பி-யோ உள்ளே இருந்தும் வெளியே தெரியாது. ஒரு அம்மாவுக்கு இருந்தாலும் இதே மாதிரிக் குழப்பம் வரும், ஆனால் தலைகீழாக: ஓ என்று நினைக்கும் அம்மாவுக்கும் ஓ அப்பாவுக்கும் பி பிள்ளை பிறக்கலாம். இன்னும் அரிதாக, ஏ-யும் பி-யும் ஒரே குரோமோசோமில் ஒட்டிப்போகும் வகையும் இருக்கிறது, அதில் ஏபி அப்பாவுக்கு நிஜமாகவே ஓ பிள்ளை பிறக்கலாம்.

வண்டலூர்வாசி
பிறந்த மறுநாள் பார்த்ததுதான் அக்கா. இப்போது அவனுக்கு நாலு வயசு. அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. எங்கே போய்ப் பார்ப்பது? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான்.

மேகலா_லேப்
டிஎன்ஏவுக்கு இப்போது அவசரமே இல்லை. அந்த வார்த்தையை வீட்டில் எடுத்தாலே மனைவிக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள்.

சாதாரண லேப் வேண்டாம். செங்கல்பட்டிலோ சென்னையிலோ மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பிளட் பேங்குக்கு மூவரும் போங்கள். பையனை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டையும் மனைவியின் ரிப்போர்ட்டையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். டியூப் முறையில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் இரண்டும், ரிவர்ஸில் ஓ செல்லும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அங்கிருக்கும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம், எங்களிடம் இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். பையனுக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப் போங்கள், வெறும் வயிறு தேவையில்லை. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வந்ததும் முடிவை இங்கே போடுங்கள், வாத்தியாருக்குப் புரிகிற மாதிரி நானே எழுதித் தருகிறேன்.